ஹார்வர்டு 2012: பாதி வகுப்பு ஏன் ஒரே விடையை எழுதியது?

"22, 500" என்று ஒரு விடைத்தாளில் இருந்தது. காற்புள்ளிக்குப் பின்னால் தேவையே இல்லாத ஓர் இடைவெளி. இன்னொரு விடைத்தாளிலும் அதே எண், அதே இடைவெளி. 2012 மே மாதத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஓர் இறுதித் தேர்வைத் திருத்திக்கொண்டிருந்தவர்களின் கண்ணை உறுத்தியவற்றுள் இதுவும் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் தலைவராக இருந்த ஹென்றி கிளேயைப் பற்றி, கேள்விக்கு அவ்வளவாகப் பொருந்தாத ஒரே விளக்கத்தைப் பலர் எழுதியிருந்தது மற்றொன்று. பாடம் நடத்திய உதவிப் பேராசிரியர் மாத்யூ பிளாட், சந்தேகத்துக்கு இடமான சில விடைத்தாள்களைக் கல்லூரியின் நிர்வாகக் குழுவுக்கு அனுப்பினார். குழு அந்தச் சிலவற்றோடு நிற்காமல், கோடை விடுமுறையில் வகுப்பின் 279 விடைத்தாள்களையும் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தது. ஆகஸ்ட் 30 அன்று பல்கலைக்கழகமே செய்தியை வெளியிட்டபோது விசாரணை வளையத்தில் ஏறத்தாழ 125 பேர் இருந்தார்கள். வகுப்பில் பாதிக்குச் சற்றே குறைவு.

மாணவர்கள் ஏன் காப்பி அடிக்கிறார்கள் என்று கேட்டால் நம்மிடம் தயாராகச் சில பதில்கள் உண்டு. படிக்கவில்லை, பாடம் புரியவில்லை, வீட்டில் நெருக்குகிறார்கள், தோற்றால் எதிர்காலமே போய்விடும். ஹார்வர்டு நிகழ்வை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளக் காரணம், இந்தப் பதில்கள் எதுவும் அங்கே சரியாக ஒட்டுவதில்லை என்பதுதான். அப்போது நூறு பேர் விண்ணப்பித்தால் ஆறேழு பேருக்கே இடம் கிடைத்த கல்லூரி அது. தேர்வோ அறையில் மணி அடித்து எழுதவைக்கும் தேர்வல்ல. தங்கள் இருப்பிடத்திலேயே உட்கார்ந்து புத்தகத்தையும் இணையத்தையும் பார்த்து எழுதலாம். தோற்பது மிக அரிது. வழக்கமான காரணங்களையெல்லாம் கழித்துவிட்ட பிறகும் 125 பேர் மிஞ்சுகிறார்கள் என்றால், காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

பாடத்தின் பெயர்

பல்கலைக்கழகம் பாடத்தின் பெயரை வெளியிடவில்லை. மாணவர் நாளிதழான ஹார்வர்டு கிரிம்சன் அதைக் கண்டுபிடித்து எழுதியது. அரசியல் துறையின் 1310-ஆம் எண் பாடம். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பற்றிய அறிமுகம். எளிதாக மதிப்பெண் தரும் பாடம் என்று மாணவர்களிடையே அதற்குப் பெயர் இருந்தது. விளையாட்டு வீரர்கள் அதில் கணிசமாகச் சேர்ந்திருந்தார்கள். சென்ற ஆண்டு 120 பேருக்கு 'ஏ' கொடுத்தேன், இந்த ஆண்டும் அவ்வளவு கொடுப்பேன் என்று பேராசிரியர் தொடக்கத்திலேயே சொன்னதாக மாணவர்கள் பின்னர் பத்திரிகைகளிடம் கூறினார்கள். விரிவுரைக்கு வருவதும் வராததும் அவரவர் விருப்பம். வீட்டுக்குக் கொண்டுபோய் எழுதும் நான்கு தேர்வுகளை வைத்துத்தான் மதிப்பீடு.

வருகைப்பதிவு எடுக்காதது குற்றமல்ல. வளர்ந்த பிள்ளைகளைப் பெயர் கூப்பிட்டுக் கை தூக்கவைப்பதில் எனக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் இந்த ஏற்பாடுகள் எல்லாம் சேர்ந்து மாணவனிடம் சொன்னது என்ன என்று பார்க்க வேண்டும். வகுப்பறையில் நடப்பதற்காக நீ வர வேண்டியதில்லை. வந்த காரியம் கிரேடு, அது கிடைத்துவிடும். இப்படிச் சொல்லப்பட்ட இடத்துக்கு யார் வந்து சேர்வார்கள்? காங்கிரஸ் எப்படி இயங்குகிறது என்று அறியும் ஆவல் கொண்டவர்களும் வந்திருப்பார்கள்தான். அவர்களோடு, மற்ற கடினமான பாடங்களுக்கும் பயிற்சிக்கும் நேரம் ஒதுக்கிவிட்டு, இதை மிச்ச நேரத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டவர்களும் வந்தார்கள். வேலை தொடங்குவதற்கு முன்பே வேலையின் மதிப்பு குறைந்துவிட்டது. அதைக் குறைத்ததில் மாணவர்களுக்கும் பாடம் அமைத்தவருக்கும் பங்கு உண்டு.

அந்த ஆண்டு கணக்குத் தப்பியது. கேள்விகள் எதிர்பார்த்ததைவிடக் கடினமாகவும் குழப்பமாகவும் இருந்ததாக மாணவர்கள் புகார் சொன்னார்கள்.

ஒரு விதி, இரண்டு வாக்கியங்கள்

தேர்வுத்தாளின் தலைப்பில் விதி தெளிவாகவே அச்சாகியிருந்தது. புத்தகம், குறிப்பு, இணையம் எல்லாவற்றையும் முழுமையாகத் திறந்து வைத்துக்கொள்ளலாம். மற்ற வகையில் இது வகுப்பறைத் தேர்வைப் போன்றதே. தேர்வைப் பற்றி வேறு யாருடனும் பேசக் கூடாது, விடுதியில் இருக்கும் வழிகாட்டிகள், எழுத்துப் பயிற்சி மையம் உட்பட.

விதியில் குழப்பமில்லை. ஆனால் அந்த வகுப்பு அரையாண்டு முழுவதும் வாழ்ந்த முறையோடு அது ஒத்துப்போகவில்லை. விரிவுரைக்குப் போகாதவர்கள் போனவர்களின் குறிப்புகளை வாங்கினார்கள். பலர் சேர்ந்து இணைய ஆவணம் ஒன்றில் பொதுக் குறிப்பு தொகுத்தார்கள். குறிப்பு அனுமதிக்கப்பட்டது என்றால் நண்பனின் குறிப்பும் குறிப்புதானே? ஐந்து பேர் ஒரே குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒருவரோடொருவர் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுதினாலும் விடைகள் ஒரே அச்சில் வார்த்ததுபோல் வரும். விசாரணையில் பலர் சொன்ன வாதம் இதுதான். அந்த "22, 500" ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வெட்டி ஒட்டப்பட்டதற்குச் சாட்சி. வெட்டப்பட்டது நண்பனின் விடையா, எல்லோருக்கும் பொதுவான குறிப்பா என்பதை அந்த இடைவெளி சொல்லாது.

இதைவிடச் சிக்கலான ஒன்று பயிற்றுநர்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரிய வகுப்புகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து நடத்துவதும் விடைத்தாள் திருத்துவதும் பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்கள். தேர்வு நாட்களில் இவர்களில் சிலர் தங்களிடம் வந்தவர்களுக்குக் கேள்வியை விளக்கினார்கள், எந்தத் திசையில் எழுத வேண்டும் என்றும் காட்டினார்கள் என்று மாணவர்கள் நியூயார்க் டைம்ஸ் நாளிதழிடம் கூறினார்கள். யாரிடமும் பேசாதே என்று தாள் சொல்கிறது. தாளைத் திருத்தப்போகிறவரே பேசுகிறார். விதியை மாணவன் அச்சிட்ட தாளிலிருந்து கற்றுக்கொள்வது கொஞ்சம்தான். சுற்றியிருப்பவர்கள் அதை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்துக் கற்றுக்கொள்வதே அதிகம்.

இதைச் சொல்வதால் மாணவர்களை விடுவித்துவிட்டதாக ஆகாது. யாருடனும் பேசாதே என்ற வாக்கியத்தை ஹார்வர்டில் படிக்கும் ஒருவரால் புரிந்துகொள்ள முடியவில்லை என்று என்னால் நம்ப முடியாது. புரிந்துதான் செய்தார்கள். புரிந்தும் ஏன் செய்தார்கள் என்பதே கேள்வி.

இறுதி இரவு

பருவ முடிவில் மாணவர்கள் பாடத்தை மதிப்பிட்டு எழுதும் பழக்கம் ஹார்வர்டில் உண்டு. அதில் ஒரு மாணவர் எழுதியிருந்ததைப் பத்திரிகைகள் வெளியிட்டன. தேர்வைச் சமர்ப்பிக்க வேண்டிய நாளில் பேராசிரியர் தன்னைச் சந்திக்கும் நேரத்தை ரத்து செய்துவிட்டார். பயிற்றுநர் ஒருவரின் அறையில் சுமார் பதினைந்து மாணவர்கள் கூடியிருந்தார்கள். அநேகமாக எல்லோரும் இரவு முழுவதும் விழித்திருந்தவர்கள். மொத்த மதிப்பெண்ணில் 20 விழுக்காடு கொண்ட ஒரு கேள்வி என்ன கேட்கிறது என்பதே அவர்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

காப்பி அடிக்கும் மாணவன் முன்கூட்டியே திட்டமிடுகிறான் என்றுதான் நாம் கற்பனை செய்கிறோம். துண்டுச் சீட்டில் பொடி எழுத்தில் எழுதிச் சட்டைக் கையில் மடித்து வைப்பவன் திட்டமிடுகிறவன்தான். ஆனால் வீட்டுப் பாடத்திலும் ஒப்படைவிலும் நடப்பது பெரும்பாலும் அப்படித் தொடங்குவதில்லை. முதலில் "இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்?" என்று நண்பனிடம் கேட்பது. கேள்வியின் பொருளைக் கேட்பது தப்பா? பிறகு "நீ எதைப் பற்றி எழுதப் போகிறாய்?" பிறகு "நீ எழுதியதைக் கொஞ்சம் காட்டு, ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறேன்." விடியும்போது அவனுடைய பத்தி இவனுடைய கோப்பில் இருக்கிறது. ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து அரை அடி உயரம்தான். எந்தப் படியில் கோடு தாண்டப்பட்டது என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. இது சாக்குப்போக்கு என்று தள்ளிவிடலாம். ஆனால் தடுக்க நினைக்கிறவர்கள் இந்தப் படிகளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும், ஏனென்றால் கண்காணிப்பு பெரும்பாலும் கடைசிப் படியில்தான் நிற்கிறது.

இனி 'ஏ' விஷயம். எல்லோருக்கும் நல்ல கிரேடு கிடைக்கும் இடத்தில் நெருக்கடி குறைய வேண்டும் என்றுதான் தோன்றும். நடப்பது நேர்மாறு. 2013 டிசம்பரில் பேராசிரியர் ஹார்வி மான்ஸ்ஃபீல்டு ஆசிரியர் கூட்டத்தில் ஒரு கேள்வி எழுப்பினார்: ஹார்வர்டில் கிரேடுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது இப்போது 'ஏ மைனஸ்' என்று கேள்விப்படுகிறேனே, உண்மையா? இளநிலைக் கல்வியின் டீன் ஜே ஹாரிஸ் ஆமாம் என்றார். அதிகமாக வழங்கப்படும் கிரேடு முழு 'ஏ' என்றும் சேர்த்துச் சொன்னார். அப்படிப்பட்ட இடத்தில் 'பி' என்பது சுமாரான மதிப்பெண் அல்ல, தோல்வி. எனக்கு இந்த ஒரு கேள்வி விளங்கவில்லை என்று நேர்மையாக ஒப்புக்கொண்டு அதற்குரிய மதிப்பெண்ணை இழந்துவிட்டுப் போக இடமே இல்லை. பக்கத்தில் இருப்பவன் யாரிடமாவது கேட்டு எழுதிவிடுவான். அவன் 'ஏ' வாங்குவான், நான் மட்டும் கீழே போவேன். காப்பி அடிப்பவர்கள் மற்றவர்களை முந்துவதற்காகச் செய்கிறார்கள் என்ற பேச்சை இந்த நிகழ்வு கேள்விக்குள்ளாக்குகிறது. பின்தங்கிவிடக் கூடாதே என்று செய்தவர்களே அதிகம் என்பது என் கணிப்பு. முந்த நினைப்பவன் தன் விடையை மறைப்பான். இங்கே தாராளமாகப் பகிர்ந்துகொண்டார்கள்.

நல்லவர், கெட்டவர் என்ற பிரிவு

1920-களில் ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் சுமார் 11,000 பள்ளிப் பிள்ளைகளிடம் பல சோதனைகளை நடத்தினார்கள். அவற்றில் ஒன்று தந்திரமானது. பிள்ளைகள் எழுதிய தாளை வாங்கி, ரகசியமாகப் படி எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு விடைக்குறிப்போடு திருப்பிக் கொடுத்து "நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்" என்றார்கள். யார் விடையை மாற்றினார்கள் என்பது படியோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். நேர்மையான பிள்ளைகள், நேர்மையற்ற பிள்ளைகள் என்று இரு கூட்டம் கிடைக்கும் என்று எதிர்பார்த்திருக்கலாம். கிடைக்கவில்லை. கணக்கில் ஏமாற்றியவன் விளையாட்டில் ஏமாற்றவில்லை. பள்ளியில் ஒழுங்காக இருந்தவள் வீட்டில் செய்த வேலையில் விடையைப் பார்த்து எழுதினாள். ஆளைவிடச் சூழலே அதிகம் தீர்மானித்தது. 1928-இல் வெளிவந்த அந்த முடிவுகளைப் பின்னால் வந்தவர்கள் பல வகையில் திருத்தியும் விவாதித்தும் இருக்கிறார்கள். ஆனாலும் அதன் மையக் கருத்தை யாராலும் முற்றிலும் தூக்கி எறிய முடியவில்லை.

ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் டொனால்டு மெக்கேப் பல ஆண்டுகள் இதே விஷயத்தைக் கல்லூரிகளில் ஆராய்ந்தார். லிண்டா ட்ரெவினோவுடன் சேர்ந்து 31 கல்லூரிகளின் 6,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், காப்பி அடிப்பதோடு மிக வலுவாகத் தொடர்பு கொண்டிருந்தது தண்டனைப் பயமல்ல, சக மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்ற கணிப்பு. எல்லோரும் செய்கிறார்கள் என்று நினைப்பவன் செய்கிறான். 279 பேரில் 125 பேர் சந்தேகத்துக்கு உள்ளான வகுப்பில் அந்த நினைப்பு பொய்யும் அல்ல.

இளம் குற்றவாளிகளைப் பற்றி 1957-இல் கிரெஷம் சைக்ஸ், டேவிட் மாட்சா இருவரும் எழுதிய ஒன்று இங்கே அப்படியே பொருந்துகிறது. தவறு செய்பவர்கள் சமூகத்தின் விதியை மறுப்பதில்லை. விதி சரிதான், என் விஷயத்தில் மட்டும் விலக்கு என்று தங்களுக்குத் தாங்களே அனுமதி கொடுத்துக்கொள்கிறார்கள் என்றார்கள் அவர்கள். என் கையில் இல்லை. இதனால் யாருக்கும் நட்டமில்லை. குற்றம் சொல்கிறவர்கள் மட்டும் ஒழுங்கா. நண்பனைக் கைவிட முடியுமா. ஹார்வர்டு மாணவர்களின் விளக்கங்களில் இவை ஏறக்குறைய அனைத்தும் வருகின்றன. கேள்வியே தெளிவாக இல்லை, பயிற்றுநர்களே உதவினார்கள், சேர்ந்து உழைப்பதைத்தானே இந்தக் கல்லூரி எப்போதும் ஊக்குவிக்கிறது. இந்தச் சாக்குகளின் பலம் அவற்றில் பாதி உண்மை இருப்பதுதான். முழுப் பொய்யை வைத்து மனசாட்சியைச் சமாதானப்படுத்துவது கடினம்.

அதே கோடையில், நியூயார்க்கில்

ஹார்வர்டு செய்தி வெளிவருவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், 2012 ஜூனில், நியூயார்க் நகரின் ஸ்டைவசன்ட் உயர்நிலைப் பள்ளியில் ஒரு மாணவன் மாநிலத் தேர்வின் தாள்களைக் கைப்பேசியில் படமெடுத்துப் பலருக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது பிடிபட்டான். நகரின் மிகக் கடினமான நுழைவுத் தேர்வை எழுதி வென்றவர்களுக்கான அரசுப் பள்ளி அது. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் சிக்கினார்கள். தலைமையாசிரியர் ஓய்வு பெற்று விலகினார். பள்ளியின் மாணவர் இதழ் அந்த ஆண்டின் தொடக்கத்தில் எடுத்த கணக்கெடுப்பில் 80 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகையில் காப்பி அடித்ததாக ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

அங்கே மாணவர்கள் பத்திரிகையாளர்களிடம் பேசியதில் கவனிக்க வேண்டியது அவர்கள் வைத்திருந்த தராசு. தினசரி வீட்டுப் பாடத்தைப் பகிர்ந்துகொள்வதை அவர்கள் காப்பியாகவே கருதவில்லை. தனக்குத் தேவையில்லை என்று நினைக்கும் பாடத்தில் நண்பனிடம் விடை வாங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும் வழி. தனக்குப் பிடித்த பாடத்தில் அதையே செய்வது கேவலம். அதாவது ஒழுக்கம் இல்லாமல் இல்லை. எந்த வேலை தன் நேர்மைக்குத் தகுதியானது என்று அவர்களே தரம் பிரித்துவிட்டார்கள். இந்தத் தரப்பிரிப்பை அவர்கள் தாங்களாக உருவாக்கிக்கொண்டார்கள் என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. யாரும் படிக்காத ஒப்படைவு, டிக் அடித்துத் திருப்பித் தரப்படும் குறிப்பேடு, ஆண்டுக்காண்டு மாறாத கேள்வி, இவற்றைப் பிள்ளைகள் மிக விரைவில் அடையாளம் கண்டுகொள்வார்கள். ஆசிரியர் பொருட்படுத்தாத வேலையை மாணவனும் பொருட்படுத்துவதில்லை.

தண்டனையும் பிறகும்

2013 பிப்ரவரி 1 அன்று கலை, அறிவியல் புலத்தின் டீன் மைக்கேல் ஸ்மித் முடிவுகளை மின்னஞ்சலில் அறிவித்தார். விசாரிக்கப்பட்டவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் கல்லூரியிலிருந்து தற்காலிகமாக வெளியேற வேண்டும். மீதமிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஒழுங்குக் கண்காணிப்பு. எஞ்சியவர்கள்மீது நடவடிக்கை இல்லை. அந்த எஞ்சியவர்களும் மற்றவர்களைப் போலவே மாதக்கணக்கில் முடிவு தெரியாமல் காத்திருந்தவர்கள். கடைசி வழக்குகள் டிசம்பரில்தான் முடிந்தன. கூடைப்பந்து அணியின் இரு தலைவர்கள் விசாரணை முடியும் வரை காத்திருக்காமல், கல்லூரி அணியில் விளையாட அனுமதிக்கப்பட்ட ஆண்டுகளில் ஒன்று வீணாகாதிருக்கக் கல்லூரியிலிருந்து விலகினார்கள். இலையுதிர் பருவத்தில் ஆடும் வீரர்கள் முதல் ஆட்டத்துக்கு முன் விடுப்பு எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்று நிர்வாகத்தின் உள் மின்னஞ்சல் ஒன்றே யோசனை சொன்னது. அந்த மின்னஞ்சல் வெளியே கசிந்தது.

கசியவிட்டது யார் என்று தெரிந்துகொள்ள நிர்வாகம் விடுதி டீன்கள் 16 பேரின் மின்னஞ்சல் கணக்குகளை அவர்களுக்கே தெரியாமல் தேடியது. 2013 மார்ச்சில் பாஸ்டன் குளோப் அதை வெளிப்படுத்தியது. தேடலுக்கு அனுமதி அளித்த கல்லூரி டீன் எவெலின் ஹாமண்ட்ஸ் அந்த ஆண்டு பதவியை விட்டார். மாணவர்களின் நேர்மையை விசாரித்த அமைப்பு நடுவழியில் தன் நேர்மைக்கே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. குற்றம் சொல்கிறவர்கள் மட்டும் ஒழுங்கா என்று கேட்டவர்களுக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைத்திருக்காது.

பயம் வேலை செய்ததா? இத்தனை அமளிக்குப் பிறகு 2013 இலையுதிர் காலத்தில் சேர்ந்த புதிய மாணவர்களிடம் கிரிம்சன் கருத்துக் கேட்டது. 42 விழுக்காட்டினர் ஹார்வர்டுக்கு வருவதற்கு முன்பே வீட்டுப் பாடத்தில் காப்பி அடித்ததுண்டு என்றார்கள். தேர்வில் அடித்ததுண்டு என்றவர்கள் 10 விழுக்காடு. ஹார்வர்டு வாசலில் நின்றபோதே பழக்கம் முதிர்ந்திருந்தது.

2014 மே மாதம் ஆசிரியர்கள் நேர்மை நெறி ஒன்றை வாக்கெடுப்பில் ஏற்றார்கள். 1636-இல் தொடங்கிய கல்லூரியின் முதல் நேர்மை நெறி அது. 2015 இலையுதிர் பருவத்திலிருந்து மாணவர்கள் அதை ஏற்று உறுதியளிக்கிறார்கள். மீறல்களை விசாரிக்கும் மன்றத்தில் ஆசிரியர்களோடு மாணவர்களும் உட்காருகிறார்கள். மெக்கேப்பின் ஆய்வுகளோடு வைத்துப் பார்த்தால் இந்த இரண்டாவது ஏற்பாட்டில்தான் கொஞ்சம் உயிர் இருக்கிறது. உறுதிமொழித் தாளால் மட்டும் ஒன்றும் நடப்பதில்லை, விதியை மாணவர்கள் தங்களுடையதாக நடத்தும் கல்லூரிகளில்தான் காப்பி குறைந்தது என்று அவர் திரும்பத் திரும்பக் காட்டியிருந்தார். கையெழுத்து வாங்குவது எளிது என்பதால் எல்லாக் கல்லூரிகளும் அதிலிருந்துதான் தொடங்குகின்றன.

கிரேடின் பக்கம் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் யாரும் கைவைக்கவில்லை. 2025 அக்டோபரில் இளநிலைக் கல்வியின் டீன் அமண்டா கிளேபாக் ஆசிரியர்களுக்கு அளித்த அறிக்கையின்படி, ஹார்வர்டில் அப்போது வழங்கப்பட்ட கிரேடுகளில் 60 விழுக்காட்டுக்கும் மேல் 'ஏ'. இருபது ஆண்டுகளுக்கு முன் அது கால் பங்கு அளவில் இருந்தது.